ஆனைக்குட்டத்தில் ஓர் உறுமல்

சனிக்கிழமை, காலை ஆறேகால். விருதுநகர்.

ரயில் என்னை இறக்கிவிட்டுத் தெற்கே போய்விட்டது. சென்னையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நடைமேடையை விட்டு வெளியே வந்ததும் மூக்கில் ஏறியது வத்தல் நெடி. கூடவே மல்லி, எங்கோ செக்கிலிருந்து வரும் எண்ணெய். இந்த ஊர் விழிக்கும்போதே தாளித்துக்கொண்டு விழிக்கிறது. என் தோள்பையில் இரண்டு கறுப்புச் சட்டை, ஒரு சிறிய கேசட் பிளேயர், நான்கு பேட்டரி. நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி இவ்வளவோடு புறப்பட்டு வந்திருப்பது ஒரு டெத் மெட்டல் கேசட் வெளியீட்டுக்கு என்று சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு வந்தேன் என்றால் அதுவும் பொய். ஒன்றும் சொல்லாமல்தான் வந்தேன். கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

சிவகாசிக்கு ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர், பஸ்ஸில் இருபத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் கூடை வைத்திருந்த அம்மா, ஊரைத் தாண்டுவதற்குள் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"எங்கன போறீக தாயி? கல்யாணப் பத்திரிகை அடிக்கவா, வெடி வாங்கவா?"

"கேசட் வாங்கம்மா."

"கேசட்டா! அதெல்லாம் இன்னுமா இருக்கு? சாமிப் பாட்டா?"

"இல்லம்மா. கத்துற பாட்டு."

"கத்துறதக் கேக்கவா மெட்ராஸ்லயிருந்து வாரீக? எங்க வீட்டுக்கு வந்திருந்தா எம் மருமக சும்மாவே கத்துவா. டிக்கெட்டும் மிச்சம்."

பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே கரிசல், அதில் சீமைக்கருவேலம். முள்ளின் மேல் முள் பின்னி, வானத்தில் யாரோ கிறுக்கிய கையெழுத்து மாதிரி. பிறகு ஒன்றை ஒன்று தொடாமல் தள்ளித் தள்ளி நிற்கும் சின்னச் சின்ன வெள்ளை அறைகள். பட்டாசு ஆலை. ஒன்று போனால் மற்றது பிழைக்கட்டும் என்று கட்டின இடைவெளி. உலகத்தில் வேறெங்கும் கட்டடங்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு பயந்து நிற்பதை நான் பார்த்ததில்லை.

கேட்டுப் பழக்கமில்லாதவர்களுக்காக இந்த இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திராஷ் மெட்டல் ஓடுகிற இசை. பின்னால் நாய் துரத்துகிற ஓட்டம். டெத் மெட்டல் தோண்டுகிற இசை. குரல் தொண்டையை விட்டுவிட்டு அடிவயிற்றுக்குப் போய் அங்கிருந்து உறுமும். பிளாக் மெட்டல் தகரக் கூரையில் பெய்யும் மழை. வேண்டுமென்றே கரகரப்பாக, தூரமாக, ஒரு கெட்ட கனவை அடுத்த அறையிலிருந்து கேட்பது போலப் பதிவு செய்வார்கள். இவற்றைப் பெரிய கம்பெனிகள் வெளியிடுவதில்லை. ஜகார்த்தாவின் ஏதோ ஒரு சந்தில், சிலியில் ஒரு மலையடிவாரத்தில், ஒருவர் தன் வீட்டிலேயே நூறு கேசட் பதிவு செய்து, உறையைத் தன் கையால் மடித்து, தபாலில் அனுப்புவார். பதிலுக்கு நீங்கள் ஒன்று அனுப்ப வேண்டும். என் பதினெட்டு வயதிலிருந்து இப்படித்தான் எனக்கு உலகம் வந்துகொண்டிருக்கிறது. முகம் தெரியாத அன்பு, அதன் மேல் கறுப்பு அட்டை.

சென்ற வருடம் அப்படி வந்த ஒரு தபாலின் முத்திரையில் சிவகாசி என்று இருந்தது. உள்ளே இரண்டு பாட்டு மட்டும் கொண்ட ஒரு கேசட். குழுவின் பெயர் 'வெடியுப்பு'. இரவெல்லாம் கேட்டேன் என்று எழுதினால் மிகை. மூன்று முறை கேட்டேன், நான்காவது முறைக்குத் தெம்பில்லை. அந்தக் குழுவின் முதல் முழு ஆல்பம் நாளை வெளியாகிறது.

காலை பத்தரை. சிவகாசி.

அச்சகம் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். தினேஷ் வாசலிலேயே நின்றிருந்தான், வெடியுப்பின் கிட்டார். இந்த அச்சகம் அவன் குடும்பத்துடையது. முப்பது வயது, நெற்றியில் விபூதி, முழங்கை வரை ரத்தம் சொட்டும் எழுத்துகள் போட்ட சட்டை. "வாங்கக்கா, சாப்பிட்டீகளா? இட்லி சொல்லவா?" என்றான். டெத் மெட்டல்காரர்களைப் போல விருந்தோம்புகிறவர்கள் இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன்.

உள்ளே ஆஃப்செட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அகலத் தாள் முழுக்கப் புஸ்வாண லேபிள்: மயில், ரோஜா, பற்களெல்லாம் தெரியச் சிரிக்கும் குழந்தை. தாளின் ஒரு ஓரத்தில், மற்றவர்கள் கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஏறிக்கொண்ட துக்க வீட்டுக்காரர் மாதிரி, எங்கள் கேசட் அட்டை. சிவகாசியில் சின்ன வேலைகள் இப்படித்தான் நடக்கும். நூறு அட்டைக்காக யாரும் மெஷினை ஓட்ட மாட்டார்கள். பெரிய ஆர்டரின் தாளில் மிஞ்சும் ஓரத்தில் அதையும் ஏற்றிவிடுவார்கள். ஆனால் மை பக்கத்து வீட்டு மை. லேபிளின் ரோஜாவுக்குச் சிவப்பை அள்ளிக் கொடுத்தால் அதே வரிசையில் இருக்கும் கறுப்புக்கும் சிவப்பு வந்து சேரும்.

வந்து சேர்ந்திருந்தது. அட்டையில் இருந்தது கருகிய ஒரு வேப்ப மரம். சாம்பல் நிறத்தில் வர வேண்டியது. இப்போது அந்த மரத்தின் உள்ளே இன்னும் தணல் இருப்பது போல ஒரு மங்கின சிவப்பு. எந்த ஓவியர் முயன்றாலும் இது வராது.

மெஷின்மேன் சங்கரலிங்கத்துக்கு வேறு கவலை. முள்ளாகப் பின்னிக் கிடந்த குழுவின் பெயரைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இது என்ன எளுத்துன்னு நீங்களாச்சும் சொல்லுங்கம்மா. ஏதோ வேரு மாதிரில்லா இருக்கு. கடையில பத்தடி தள்ளி நின்னாலும் பேரு தெரியணும். அதாம்மா லேபிளு."

"தெரியக் கூடாதுன்னுதாண்ணே அப்படி வரஞ்சிருக்கோம்" என்றான் தினேஷ்.

"தெரியக் கூடாதுன்னா எதுக்குலே அச்சடிக்க? காசக் கரியாக்குறதுக்குத் தீவாளி இருக்கே!"

பிளேட் போடும் அறையிலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். தலையில் பிச்சிப்பூ, துப்பட்டாவைக் குறுக்காக இடுப்பில் முடிந்திருந்தாள். "நீங்க லெட்டர் போட்ட அக்காவா? நாந்தான் முனீஸ்வரி" என்றாள். மெல்லிய, கொஞ்சம் கீச்சென்ற குரல். என் கேசட்டில் பூமிக்கடியிலிருந்து உறுமுவது இந்தத் தொண்டைதான் என்பதை நம்ப எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

டீக்கடையில் அவள்தான் விஷயத்தைச் சொன்னாள்.

ஆல்பத்தில் ஐந்து பாட்டு. ஐந்தாவது பாட்டில் கவிதை எதுவும் கிடையாது; வெறும் பெயர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மதியம், பக்கத்து ஊர்ப் பட்டாசு ஆலை ஒன்றில், வெடித்துப்போன ஒரே அறைக்குள் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக, அடிவயிற்றிலிருந்து, அவள் உறுமுகிறாள்.

"அதுல ஒரு பேரு எங்கம்மா" என்றாள், டீயில் மிதந்த ஆடையை விரலால் ஒதுக்கிக்கொண்டே.

நான் என் கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"மத்த வீட்டுக்கெல்லாம் போயிக் கேட்டுட்டேங்க்கா. சரின்னுட்டாக. இன்னும் ஒரு வீடு. வீரலட்சுமி பெரியம்மான்னு, சாத்தூர்ப் பக்கம். ஒத்தப் புள்ள அவுகளுக்கு. ‘எனக்கு நேர்ல போட்டுக் காட்டு, கேட்டுட்டுச் சொல்றேன்'னுட்டாக. நாளைக்கு வாராக. அவுக வேண்டாம்னா கேசட் ஒண்ணுகூட வெளிய போகாது."

தினேஷ் பெஞ்சில் அசைந்து உட்கார்ந்தான். அறுபது கேசட் ஏற்கெனவே பதிவு செய்து அட்டைப்பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. பின்லாந்து, பிரேசில் முகவரிகளெல்லாம் எழுதி ஒட்டியும் ஆயிற்று. "நீ உறுமுறதுல பேரு எவனுக்குப் புரியப் போவுது? எனக்கே புரியல. பெரியம்மாவுக்கு மட்டும் புரிஞ்சிருமாக்கும்?" என்றான்.

"புரியலன்னாலும் கேட்டுத்தான் ஆகணும், மொதலாளி. பேரு அவுகளோடது."

தினேஷ் டீக்குக் காசு கொடுக்க எழுந்தான். ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறேன். ஒரு கேசட் கிடைக்குமா கிடைக்காதா என்பது, நான் பார்த்தே இராத ஒரு தாயின் வாயில் இருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, அப்படி நினைத்ததற்கு. இவள் தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள், நான் என் கேசட் அலமாரியைப் பற்றி நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே முக்கால். ஆனைக்குட்டம் போகும் வழி.

ஆட்டோவில் இருநூற்றைம்பது ரூபாய். ஒன்பது பத்து கிலோமீட்டர். ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் அடியில் கிடந்தது. வெயில் அதன் மேல் தகடு அடித்து வைத்திருந்தது. சாலையை விட்டு உள்ளே தள்ளி, தினேஷ் குடும்பத்தின் பழைய தீப்பெட்டிக் குடோன். ஓட்டுக்கூரை, உயரமான சுவர்கள், நாலு பக்கமும் காடு. இங்கேதான் வெளியீடு. பகல் பதினோரு மணிக்கு.

உலகம் முழுக்க இந்த இசைக்கு இருட்டு வேண்டும். மெழுகுவர்த்தி, புகை, நடுச்சாமம். இங்கே பங்குனி வெயில் ஓட்டு இடுக்குகளில் ஈட்டி ஈட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏன் பகலில் என்று கேட்டேன். "ஆறு மணிக்கு மேல பஸ் இல்லக்கா" என்றான் டிரம்ஸ் வாசிக்கும் கருப்பசாமி. "அப்புறம், ராத்திரி இங்கன டமார்னு சத்தம் கேட்டா ஊரே வாரிச் சுருட்டிக்கிட்டு ஓடியாந்துரும். பகல்லன்னா மொதல்லயே சொல்லி வச்சிருவோம். ஊர்ல எல்லாருக்கும் தெரியும், இது பாட்டுதான்னு."

கருப்பசாமி பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை செய்கிறான். அவன் டிரம்ஸை நெருங்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செருப்பை வெளியே கழற்றினான். கதவு நிலையில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுத்தான். ஆலையில் அறைக்குள் போகும்முன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இங்கே தகடு இல்லை, கை மட்டும் போகிறது. வாரத்தில் ஆறு நாள் அவன் எதையும் தட்டக் கூடாது. இரும்பு கூடாது, உரசல் கூடாது, அவசரம் கூடாது. மரக்கரண்டி, பித்தளை, மெதுவான விரல். ஏழாம் நாள் அவன் அந்த முக்காலியில் உட்கார்ந்தான்.

பதினொன்று பத்துக்கு அவன் அடித்த முதல் அடியில் ஓட்டிலிருந்து புழுதி உதிர்ந்தது.

முப்பது பேர் இருப்போம். மதுரையிலிருந்து கல்லூரிப் பையன்கள், கோவில்பட்டியிலிருந்து ஒரு பல் டாக்டர், பெங்களூரிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. எல்லாரும் கறுப்பு, எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தோம். தினேஷின் கிட்டார் சீமைக்கருவேலங்காட்டைச் சுருட்டி எங்கள் மேல் எறிந்தது. கருப்பசாமியின் இரண்டு கால்களும் தரையில் ஒரு நீண்ட சரவெடியைப் பற்ற வைத்தன. ஆறு நாள் அடக்கி வைத்த கைகள் என்ன செய்யும் என்பதை அன்று பார்த்தேன். பிச்சிப்பூவைக் கழற்றிப் பத்திரமாக ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டு முனீஸ்வரி வாயைத் திறந்தாள். நான் எத்தனையோ நாட்டுக் குரல்களைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நரகத்தைக் கற்பனை செய்து பாடுகிறவர்கள். இவள் முகவரி தெரிந்து பாடினாள்.

நாலு பாட்டு முடிந்தது. ஐந்தாவதைத் தொடங்கவில்லை. எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். முனீஸ்வரி வாசலுக்குப் போய் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பகல் பன்னிரண்டரை.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமும். "இருக்கன்குடியில ஆத்தாளக் கும்பிட்டு வாரேன். கூட்டம்னா கூட்டம், அம்புட்டுக் கூட்டம்" என்றார் தாமதத்துக்குக் காரணமாக. எங்கள் சட்டைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். மண்டை ஓடு, ஆட்டுத்தலை, தலைகீழ்ச் சிலுவை. "என்னடி இது, எல்லாப் புள்ளைகளும் துட்டி வீட்டுக்குப் போறாப்புல வந்திருக்கு?"

"பேஷன் பெரியம்மா."

"வெளங்கும்."

அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். "நீ மெட்ராசா? காதுல பஞ்சு வச்சிருக்கியே, எனக்குமொண்ணு குடு" என்று வாங்கினார்; பிறகு வைக்காமல் முந்தியில் முடிந்துகொண்டார். "வேண்டாம். கேக்கத்தான வந்திருக்கேன்."

ஐந்தாவது பாட்டு தொடங்கியது.

அது மெதுவான பாட்டு. ஒரே சுரத்தில் கிட்டார் இரைந்துகொண்டே இருக்கும். அதன் மேல் பெயர்கள் பாறை உருளுவது போல ஒவ்வொன்றாக வரும். முப்பது வருடம் பழகின காது எனக்கு. முதல் பெயர் புரியவில்லை. இரண்டாவதும் இல்லை. வீரலட்சுமி முழங்காலில் கை வைத்து அசையாமல் இருந்தார். மூன்றாவது பெயர் வந்தபோது என் பக்கத்து நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவர் எழுந்து நின்றிருந்தார். கை உயர்ந்திருந்தது.

இசை தடுமாறி நின்றது.

"பெரியம்மா..."

"இரு." அவர் குரல் நடுங்கவில்லை. "நல்லாத்தாம்டீ இருக்கு. நெஞ்செலும்பு ஆடுது. அன்னைக்கு ஆடுன மாதிரியேதான் ஆடுது. பொய் இல்ல இதுல."

"அப்ப..."

"அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னோமே, ஞாபகம் இருக்கா? நீயும் நின்ன. உள்ளயிருந்து ஒருத்தன் வந்தான். ரேசன் கடையில கூப்புடுற மாதிரி ஒவ்வொரு பேராக் கத்துனான். எம் மவன் பேரையும் கத்துனான். அவன அதுக்கு முன்ன யாருமே சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லடீ. நானே கூப்பிட்டதில்ல. மெதுவாச் சொன்னாலே திரும்பிப் பாக்குற புள்ள." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதுக்கப்புறம் டிவிக்காரன் கத்துனான், மைக்குல எவனெவனோ கத்துனான். போதும். இனி அவன் பேர ஒருத்தரும் கத்த வேண்டாம். ஒங்கம்மாவ நீ கூப்புடு, அது ஒம்பாடு. எம் மவன விட்டுரு."

முனீஸ்வரி மைக்கைக் கீழே இறக்கினாள். "சரி பெரியம்மா. பாட்டையே எடுத்துருதோம்."

"பாட்ட எடுக்கச் சொல்லலடீ. மத்தவுக என்ன பாவம் பண்ணுனாக?"

"அவன மட்டும் விட்டுட்டுப் பாடுனா அவன மறந்த மாதிரி ஆயிருமே பெரியம்மா. அது எனக்கு ஆகாது."

இரண்டு பேரும் சொன்னது சரி. கத்தவும் கூடாது, விடவும் கூடாது. தினேஷ் கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். ஆல்பம் முடிந்தது என்றே நினைத்துவிட்டான் போல.

கருப்பசாமிதான் முக்காலியிலிருந்து பேசினான். "பெரியம்மா, நீங்க ரூம்ல மருந்து செலுத்துற வேல பாத்தவுகதான?"

"பதினஞ்சு வருசம். எதுக்குலே கேக்க?"

"மருந்து சிந்திருச்சுன்னா என்ன செய்வீக?"

அவர் அவனைப் புரியாமல் பார்த்தார். "'கை!'ன்னு ஒருத்தி சொல்லுவா. அம்புட்டுப் பேரும் கையத் தூக்கிருவோம். அப்படியே, இருந்தது இருந்தபடி. சிந்துனத நனச்சு எடுக்குற வரைக்கும் ஒருத்தி அசைய மாட்டா. இருமல் வந்தாக்கூட முழுங்கிக்கிடுவோம்."

"அதத்தான் செய்யலாம்ங்கேன்."

வெளியூர்க்காரர்களான எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முனீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. அவள் அம்மா இருந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. தினேஷிடம் ஏதோ சொன்னாள். அவன் தலையை ஆட்டிக் கிட்டாரை எடுத்து மாட்டினான். வீரலட்சுமியின் நாற்காலியை நான் நிமிர்த்தி வைத்தேன். அவர் உட்காரவில்லை.

மறுபடியும் அந்தப் பாட்டு. இரைச்சல். முதல் பெயர். இரண்டாம் பெயர். மூன்றாவது இடம் வந்தது. முனீஸ்வரி கையை உயர்த்தினாள்.

அறுந்து விழுந்தது சத்தம். தினேஷின் வலது கை தந்திக்கு மேலே காற்றில் நின்றது. இடது கை கம்பிகளை அழுத்தி மூடியிருந்தது. கருப்பசாமியின் இரண்டு குச்சிகளும் தலைக்கு மேலே, அப்படியே. அவன் மார்பு மட்டும் ஏறி இறங்கியது. இவ்வளவு வேகத்தில் ஓடிய உடம்பு இவ்வளவு சுத்தமாக நிற்பதை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை. இசைக்காரர்கள் நிறுத்தினால் அதில் அடுத்த அடியின் ஆசை தெரியும். இவர்கள் நின்றது அப்படி நின்றதல்ல. அசைந்தால் உயிர் போகும் என்று பழகின நிற்றல். முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். காட்டில் ஒரு கௌதாரி கூப்பிட்டது. அணைப் பக்கமிருந்து வந்த காற்று ஓட்டு இடுக்கில் நுழைந்து போனது.

என் பக்கத்தில் வீரலட்சுமியின் இரண்டு கைகளும் மேலே போயிருந்தன. மார்பு உயரத்துக்கு, விரல்கள் விரிந்து. அவர் அதை அறிந்து செய்ததாகத் தெரியவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. மெதுவாக, மிக மெதுவாக, யாரையோ கூப்பிட்டார்.

முனீஸ்வரியின் கை இறங்கியது. இசை மொத்தமாக வந்து விழுந்தது. அடுத்த பெயர்.

முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. பெங்களூர்ப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். வீரலட்சுமி முந்தியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஆங். அப்படி" என்றார். பிறகு, "இன்னொரு மட்டம் அடிங்கலே" என்றார்.

அடித்தார்கள்.

பிற்பகல் மூன்று மணி.

பொட்டலத்தில் தக்காளிச் சோறு, அவித்த முட்டை. ஒரு பொட்டலம் அறுபது ரூபாய். என்னிடம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். வீரலட்சுமி, தினேஷிடம் யார் வீட்டுப் பிள்ளை, கல்யாணம் ஆகிவிட்டதா, இப்படி முடி வளர்த்தால் யார் பெண் கொடுப்பார்கள் என்றெல்லாம் விசாரித்து அவனை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்.

இனி அந்த அறுபது கேசட். அவற்றில் பெயர் இருக்கிறது. திரும்ப ஸ்டுடியோவுக்குப் போய்ப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்யலாம், அடுத்த நூறுக்கு. இந்த அறுபதை என்ன செய்வது? முனீஸ்வரி குடோன் மூலையில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு கேசட்டைப் போடுவாள். அந்த இடம் வரை ஓட்டுவாள். பெயர் வரும் கணத்துக்கு முன்னால் பதிவுப் பொத்தானை அமுக்குவாள். மைக் எதுவும் செருகாமல் உள்ளே எந்தச் சத்தமும் போகாததால் நாடாவில் இருந்தது அழிந்து வெறுமை பதிவாகும். விரலை எடுப்பாள். கையால் செய்வது, அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் மௌனம் ஒவ்வோர் அளவு. ஒன்றில் இமைப்பொழுது. ஒன்றில் விரல் கொஞ்சம் தயங்கியிருக்கும்.

"அறுபதையும் இப்படியா? விடிஞ்சிரும்டீ" என்றான் தினேஷ்.

"விடியட்டும் மொதலாளி. நாளைக்கு லீவு குடுத்துருங்க."

எனக்கு அந்தக் காட்சியை விட்டு நகர மனமில்லை. இந்த இசையை நேசிக்கிறவர்கள் உலகெங்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கையால் செய்தோம் என்பதைத்தான். கையால் மடித்த உறை, கையால் எழுதிய எண். ஒரு மௌனத்தைக் கையால் செய்து நான் பார்த்தது இங்கேதான்.

மாலை நாலரை.

ரயிலுக்கு விருதுநகர் திரும்ப வேண்டும். பெட்டியில் பாதிக்கு மேல் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தன. எனக்காக ஒன்றைச் செய்து கொடுக்கக் காத்திருந்தால் பஸ் போய்விடும். முனீஸ்வரி யோசித்தாள். பெட்டியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து, அந்தச் சிவப்புப் படிந்த அட்டையைச் செருகி, என் கையில் வைத்தாள்.

"இதுல பேரு இருக்குக்கா. வீட்டுக்குப் போயி நீங்களே அழிச்சிக்கிடுங்க."

"என்னை நம்பியா?"

"வேற யார நம்ப?" என்று சிரித்தாள். "மூணாவது பேரு. அதுக்கு அடுத்தாப்புல எங்கம்மா. பாத்துக்கோங்கக்கா, அதுல கை பட்டுரக் கூடாது."

வீரலட்சுமி ஆட்டோ வரை வந்தார். "பாத்துப் போ தாயி. போயிச் சேந்துட்டுப் போன் போடு" என்றார்.

செவ்வாய்க்கிழமை, மாலை. சென்னை.

என் வீடு முதல் மாடியில். கீழே பைக் மெக்கானிக், எதிரே பள்ளிக்கூடம், மேலே விமானம். இந்த நகரத்தில் யாரும் எதற்காகவும் கையைத் தூக்கி நிற்பதில்லை. சிந்தினதை மிதித்துக்கொண்டே போய்விடுகிறோம். ஆனைக்குட்டத்தில் கேட்ட அந்த மௌனத்தை இங்கே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதைச் செய்யத் தெரிந்த கைகள் இங்கே இல்லை.

வெளியீட்டைப் பற்றியும், மற்ற கேசட்டுகளிலும் ஸ்டுடியோவின் மூலப்பதிவிலும் அந்தப் பெயரை அழித்துவிட்டதைப் பற்றியும் தினேஷ் இணையத்தில் எழுதியிருந்தான். பின்லாந்திலிருந்து ஒரு பழைய நண்பர், கேசட் பரிமாறும் நண்பர், எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அழிக்காத ஒரே பிரதி என்னிடம் இருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார். அதை அப்படியே வைத்திரு, இன்னும் பத்து வருடத்தில் அதற்கு இணையாக எதுவும் இருக்காது, என்ன கேட்டாலும் தருகிறேன் என்றார். என் அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். முப்பது வருடம் இதற்காகத்தானே சேர்த்தேன்: யாரிடமும் இல்லாத ஒன்று. கேசட் கையில் கனத்தது. அவர் சொன்னதில் ஒன்று உண்மை. இந்த நாடாவில் இருப்பதை அழித்தால் அது எங்கும் இருக்காது. அதைத்தான் அந்தத் தாய் கேட்டார்.

என் பழைய டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டேன். முதல் பெயர். இரண்டாம் பெயர். இரண்டு முறை ஓட்டிப் பார்த்து இடத்தைப் பழகிக்கொண்டேன். இப்போது என் காதுக்கும் அந்தப் பெயர் புரிந்துவிட்டது. இங்கே எழுத மாட்டேன். எழுதுவதும் ஒரு சத்தம்தான்.

மூன்றாம் முறை, அது வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பதிவுப் பொத்தானை அமுக்கினேன். சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள். முனீஸ்வரி சொன்ன அடுத்த பெயரைத் தொட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் விரல் மரத்துப் போயிற்று. எடுத்தேன்.

பின்னால் ஓட்டிக் கேட்டேன். கிட்டார் இரைந்துகொண்டு வந்தது, சட்டென்று ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் நானும் அசையாமல் நின்றேன். பிறகு, அடிவயிற்றிலிருந்து, முனீஸ்வரி தன் அம்மாவைக் கூப்பிட்டாள்.